மின்னஞ்சல் மாற்றமும் நமது கடமையும்

(திருப்பூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அன்பர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

கிணற்றையும் பாதையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசவேண்டிய இம்மேடையில் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயின் நமது வட்டாரத்தில் இன்று மின்னஞ்சல் தொடாத தொழில் இல்லை. பெருமாநல்லூரிலும் அவிநாசியிலும் கிராமத்துக்கு உள்ளேயே பனியன் கூடங்கள் நடக்கின்றன. பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழியும், காங்கேயத்தில் கொப்பரையும் எண்ணெயும் பலருக்குச் சோறு போடுகின்றன. இத்தொழில்களில் ஆர்டர், விலைப்பட்டியல், சாம்பிளுக்கு ஒப்புதல், வங்கி அறிக்கை ஆகியவை பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வருகின்றன. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரும் சுற்றறிக்கையும் அவ்வாறே வருகின்றது. ஆகவே இது பட்டணத்தார் விஷயம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று.

பழைய மின்னஞ்சல் மென்பொருளிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும்போது, பழையதில் உள்ள அமைப்புகளையும் கடிதங்களையும் இழக்காமல் கொண்டு செல்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தறி நெய்வோருக்கு இது புதிய பாடமன்று. தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் நெசவாளர் அதனை முழுதும் உருவி எறிந்துவிடுவதில்லை. பழைய பாவின் நுனி இழைகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். பிறகு மெல்ல இழுத்தால் புதிய பாவு பழைய வழியிலேயே வந்து சேர்கின்றது. அவசரப்பட்டுப் பழையதை அறுத்து எறிந்தால், ஆயிரக்கணக்கான இழைகளையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டிவரும். பழையதை விடுமுன் புதியதைப் பிணைக்கவேண்டும் என்னும் இவ்வொழுங்கே மின்னஞ்சலுக்கும் பொருந்தும்.

இதனைக் கடைப்பிடிக்காததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றை நாங்கள் நேரில் கண்டோம். திருப்பூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில், தோட்டத்துப் பண்ணையத்தோடு சிறு பனியன் கூடம் ஒன்றையும் நடத்திவந்தார் ஒரு விவசாயி. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு அவர் தைத்துக் கொடுத்த சரக்கில் கழுத்துப்பட்டியின் நிறம் மாறியிருக்கின்றது என்று கூறிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டனர். நிறத்தை மாற்றச் சொன்னது அவர்களே. அதற்கான கடிதமும் அவருக்கு வந்திருந்தது. ஆனால் அக்கடிதத்தைக் காட்ட அவரால் இயலவில்லை. இரு மாதங்களுக்கு முன்புதான் பழைய கணினியை மாற்றியிருந்தார். புதியதைப் பொருத்தியவர் மேசைத்திரையில் இருந்தவற்றையும் ஆவணக் கோப்புறையையும் மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, பழைய பெட்டியைப் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிட்டார். எட்டு ஆண்டுக் கடிதங்களும் அப்பெட்டியோடு சென்றுவிட்டன. பிடித்த பணம் திரும்பி வரவேயில்லை. அவ்வாண்டு தீபாவளிக்குத் தையற்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய போனஸை அவர் கடன் வாங்கிக் கொடுத்தார்.

இதில் யாரையும் குறை கூற நாங்கள் விரும்பவில்லை. கடிதங்கள் எங்கே தங்கியிருக்கின்றன என்பது தெரியாமையே குற்றம். அதனை முதலில் விளக்குவோம்.

மின்னஞ்சலைப் பெறுவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றுக்குப் பாப் என்றும் மற்றொன்றுக்கு ஐமேப் என்றும் பெயர். பாப் முறை, தபால் நிலையத்துக்குச் சென்று நமது கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவது போன்றது. எடுத்துவந்தபின் தபால் நிலையத்தில் ஒன்றும் இராது. வீட்டுப் பெட்டியே ஒரே இருப்பிடம். ஐமேப் முறையில் மூலக் கடிதம் சர்வர் என்னும் தலைமைக் கணினியிலேயே பத்திரமாக இருக்கும். நமது கணினியும் கைப்பேசியும் அதனைப் படித்துக் காட்டும் அளவே. பழைய மென்பொருள்கள் பல, கடிதத்தை எடுத்தவுடன் சர்வரிலிருந்து நீக்கிவிடும் வகையில் அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே பாப் முறையில் இயங்கிவந்த கணினியை விற்பது, பத்திரப் பெட்டியைத் திறந்து பாராமலே விற்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, இம்மென்பொருள்களின் வரலாற்றைச் சிறிது கூறுதல் அவசியம். 1997-இல் வெளிவந்து, பின்னர் விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகளோடு கூடவே வந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். எக்ஸ்.பி.க்கு அளிக்கப்பட்ட பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. விண்டோஸ் விஸ்டாவில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இடத்துக்கு விண்டோஸ் மெயில் வந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் மின்னஞ்சல் மென்பொருள் எதுவும் உடன் தரப்படவில்லை. விண்டோஸ் லைவ் மெயில் என்பதைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பராமரிப்பும் 2017 ஜனவரி 10-இல் முடிந்தது. விண்டோஸ் 10-இல் இருந்த மெயில் என்னும் சிறு மென்பொருளின் ஆதரவு 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது. விண்டோஸ் 10-இன் பொதுப் பராமரிப்பே 2025 அக்டோபர் 14-இல் நின்றது. இவை யாவும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள்கள். இவற்றுக்குப் புறம்பாக மொசில்லாவின் தண்டர்பேர்ட் 2004 முதல் இலவசமாகக் கிடைத்து வருகின்றது.

இவ்வாறு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றம் வந்தே தீரும். கணினியை மாற்றுவோர் பெருகியுள்ள இந்நாளில் இதனைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

மாற்றும்போது கொண்டு செல்லவேண்டியவை ஐந்து. முதலாவது, கணக்கின் அமைப்புகள்: மின்னஞ்சல் முகவரி, பயனர் பெயர், கடிதம் வரும் சர்வரின் பெயர், கடிதம் அனுப்பும் சர்வரின் பெயர், அவற்றின் வாயில் எண்கள். இரண்டாவது, வந்த கடிதங்களும் அனுப்பிய கடிதங்களும். அனுப்பியவற்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். வழக்கு என்று வரும்போது நாம் அனுப்பிய கடிதமே நமக்குச் சாட்சி. மூன்றாவது, முகவரிப் புத்தகம். நான்காவது, கடிதங்களை வகைபிரிக்கும் விதிகள். ஐந்தாவது, கடிதத்தின் அடியில் வரும் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் முதலிய கையொப்பப் பகுதி.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளில் கணக்கு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ளவற்றை வரிக்கு வரி எழுதுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இணைப்பில் பாப் முறைக்கு வாயில் எண் 995 என்றும், ஐமேப் முறைக்கு 993 என்றும், கடிதம் அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்றும் இருப்பது வழக்கம். பழைய கணினியில் 110, 25 போன்ற எண்கள் இருந்தால் அவை பாதுகாப்புக் குறைந்த பழைய வழக்கமெனக் கொள்ளலாம். புதியதில் அவற்றை அப்படியே இடாமல், மின்னஞ்சல் தருவோரிடம் இன்றைய எண்களைக் கேட்டு இடுதல் வேண்டும்.

கடவுச்சொல்லைப் பழைய மென்பொருள் காட்டாது, புள்ளிகளாகவே காட்டும். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இட்டுவைத்த சொல், அக்கணினியின் நினைவில் மட்டும் இருக்கும். ஆகவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, அம்முகவரியின் இணையப் பக்கத்தில் உங்களால் நுழைய முடிகின்றதா என்று சோதியுங்கள். முடியவில்லையெனில் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு பிறகே மேற்செல்லுங்கள். மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். கூகிள் நிறுவனம் தனியார் ஜிமெயில் கணக்குகளில், வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பழைய மென்பொருள்கள் நுழைவதை 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. சரியான சொல்லையே இட்டும் தவறு என்று வந்தால் மனம் தளர வேண்டாம். புதிய மென்பொருள் திறந்து காட்டும் கூகிள் பக்கத்தின் வழியே நுழையலாம்; அல்லது இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, மென்பொருளுக்கெனத் தனிக் கடவுச்சொல் பெறலாம்.

இரண்டாவது வேலை, கடிதங்களைப் பிரதி எடுத்தல். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கோப்புறையையும் டி.பி.எக்ஸ். என்னும் வகைக் கோப்பாக வைத்திருக்கும். விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி இ.எம்.எல். கோப்பாக வைத்திருக்கும். பெரிய அவுட்லுக் பாப் கணக்கின் கடிதங்களை பி.எஸ்.டி. என்னும் கோப்பில் அடக்கிவைக்கும். தண்டர்பேர்டோ, புரொஃபைல் என்னும் ஒரே கோப்புறையில் கணக்கு, கடிதம், முகவரி, விதி ஆகிய யாவற்றையும் வைத்திருக்கும். இவற்றுள் பல, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத மறைவான கோப்புறைகளில் இருக்கின்றன என்பதே முக்கியம். ஆவணக் கோப்புறையை மட்டும் பிரதி எடுத்த அந்த விவசாயிக்கு நேர்ந்தது இதுதான். மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலேயே கோப்புகள் இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தை அறிந்து, மென்பொருளை மூடிவிட்டு, முழுக் கோப்புறையையும் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எந்த மாற்றம் செய்வதாயினும் இப்பிரதிக்குப் பின்னரே செய்யவேண்டும்.

சாம்பிள் படங்கள் நிறைந்த பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பெட்டியில், ஒரு கோப்புறை 2 கிகாபைட் அளவை நெருங்கினால் அக்கோப்பே கெட்டுப்போவதுண்டு. அத்தகைய பெட்டியைப் பிரதி எடுக்காமல் திறந்து சீர்செய்ய முற்படுதல் கூடாது.

மூன்றாவது வேலை, புதியதில் சேர்த்தல். தண்டர்பேர்டிலிருந்து தண்டர்பேர்டுக்கு மாறுவோருக்கு வேலை எளிது; புரொஃபைல் கோப்புறையைக் கொண்டுவந்து வைத்தால் போதும். ஆனால் புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு மறுபடி திறக்க மறுக்கும். ஆகவே மூலத்தை விட்டுப் பிரதியையே திறக்கவேண்டும். பி.எஸ்.டி. கோப்பைப் பெரிய அவுட்லுக்கின் இறக்குமதிப் பகுதி ஏற்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்களை இன்றைய மென்பொருள்கள் நேராக ஏற்பது அரிது; விண்டோஸ் லைவ் மெயில் இருக்கும் விண்டோஸ் 7 கணினி ஒன்றை இடைப்படியாகக் கொண்டு, அவற்றை இ.எம்.எல். கோப்புகளாக்கிப் பிறகு தண்டர்பேர்டில் சேர்க்கலாம். முகவரிப் புத்தகத்தை சி.எஸ்.வி. என்னும் பட்டியல் கோப்பாக வெளியே எடுத்தால் அநேகமாக எல்லா மென்பொருளும் அதனை ஏற்கும்.

புதிய கணினியில் கணக்கை இயன்றவரை ஐமேப் முறையில் அமையுங்கள். சர்வரில் இடமிருந்தால் பழைய கடிதங்களையும் ஐமேப் கோப்புறைக்குள் இழுத்துவிடலாம். அடுத்த முறை கணினி மாறும்போது இத்தனை சிரமம் இராது. ஆனால் ஐமேப் முறையில் ஓரிடத்தில் அழித்த கடிதம் எல்லா இடத்திலும் அழியும் என்பதைக் கூடத்தில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

நான்காவது வேலை, சரிபார்த்தல். பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள கடிதங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மிகப் பழைய கடிதம் ஒன்று, படம் இணைத்த கடிதம் ஒன்று, தமிழில் எழுதிய கடிதம் ஒன்று ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். பழைய கணினியை ஒரு மாத காலமாவது விற்காமல் வையுங்கள். ஆனால் அதன் இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பாப் முறையில் அது விழித்துக்கொண்டிருந்தால், புதிதாக வரும் கடிதங்களைத் தானே எடுத்துக்கொண்டு புதிய கணினிக்குக் கிடைக்காமற் செய்துவிடும்.

தமிழ்க் கடிதம் என்றோம். அதைப்பற்றி ஒரு வார்த்தை. முன்னாளில் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வெவ்வேறு எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அவ்வெழுத்துரு புதிய கணினியில் இல்லாவிட்டால், கடிதம் புரியாத குறிகளாகத் தோன்றும். கடிதம் கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். பழைய கணினியிலிருந்து அவ்வெழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துவந்து பொருத்தினால் மறுபடி படிக்கலாம். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில் ஒருங்குறி முறையைத் தமிழக அரசு ஏற்றது. இனி எழுதுபவற்றை ஒருங்குறியிலேயே எழுதினால் இத்தொல்லை எழாது.

மாற்றம் செய்யும் வேளையே களை பிடுங்கவும் ஏற்ற வேளை. விதிகளின் பக்கத்தையும், கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பகுதியையும் திறந்து பாருங்கள். நீங்கள் அறியாத முகவரி ஒன்றுக்குக் கடிதங்கள் திருப்பப்படுவதாக இருந்தால் அது திருடனின் வேலையாக இருக்கலாம். ஏற்றுமதித் தொழிலில் இவ்வகை மோசடி புதிதன்று. இருவருக்குமிடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தை மறைந்திருந்து படித்து, பணம் வரும் தறுவாயில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வேறு எண்ணைக் கொடுப்பர். அத்தகைய விதியை உடனே நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்தபின்பே பணம் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் காலதாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

இறுதியாகப் பஞ்சாயத்து அன்பர்களுக்குச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். 1980 நவம்பரில் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்த சிட்டாவும் அடங்கலும் அரசுக்குரியவை. ஆள் மாறினும் கணக்கு மாறக்கூடாது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய கணக்குப் பெட்டியாகிய மின்னஞ்சலுக்கும் அதே நியாயம் பொருந்தும். நமது மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அத்தகைய வேளையில் சாவியும் முத்திரையும் பதிவேடும் ஒப்படைக்கப்படுகின்றன. மின்னஞ்சலின் கடவுச்சொல்லும், அதனை மீட்பதற்கென இணைத்த கைப்பேசி எண்ணும் ஒப்படைப்புப் பட்டியலில் இடம்பெறுகின்றனவா? செயலரின் மகனுடைய கைப்பேசி எண்ணில் அலுவலகத்தின் முகவரி தொங்கிக்கொண்டிருந்தால், அச்செயலர் மாறுதலாகிச் சென்ற நாளில் அலுவலகம் தன் கடிதங்களைத் தானே படிக்க இயலாமற்போகும்.

பனியன் கூடங்களுக்கும் உழவர் குழுக்களுக்கும் இதே நிலைதான். ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்த முகவரிக்கே சரிபார்ப்பு எண் வருகின்றது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்றவர்கள் 2021 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே தங்கள் விவரங்களை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டியிருக்கின்றது. வேலையை விட்டுச் சென்ற கணக்கரின் சொந்த முகவரியை அங்கெல்லாம் கொடுத்திருந்தால், கதவு நம்முடையதாயினும் சாவி பிறரிடம் இருக்கும்.

ஆகவே ஒவ்வோர் அலுவலகத்திலும், கூடத்திலும் ஒரு பதிவேடு திறக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். முகவரி, அதன் முறை பாப்பா ஐமேப்பா, சர்வரின் பெயர், வாயில் எண், இணைத்த கைப்பேசி எண், கடைசியாகப் பிரதி எடுத்த நாள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் தனியே ஓர் உறையில் இட்டு ஒட்டி, பொறுப்பாளர் இருவரின் கையொப்பத்தோடு பெட்டகத்தில் வையுங்கள். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் உறையுமே.

பழைய கணினியை விற்கும் நாள் வந்தால், சரிபார்த்தல் யாவும் முடிந்தபின், அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். நாம் முதலிற்கூறிய விவசாயி இப்போது அப்படித்தான் செய்கின்றார். அவரது மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கின்றது. சென்ற முறை அவரது கணினி பழுதானபோது, மறுநாள் காலையிலேயே புதியதில் வேலை நடந்தது. ஒரு கடிதமும் குறையவில்லை. உங்கள் ஊரிலும் அவ்வாறே நடக்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.